அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு ரீலின் விலை

கேமராவுக்கு முன்னால் சிரிக்க வந்திருக்கிற பிள்ளைகளே, உங்கள் நாக்கு நுனியில் நிற்கிற அந்தக் கேள்வியை முதலில் வெளியே விட்டுவிடுங்கள். கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு நடுவே கேட்கிறீர்கள். இரணியல் ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று நின்று கேட்கிறீர்கள். "அண்ணே, ஒரு ஸ்பான்சர் போஸ்ட்டுக்கு உள்ளபடி எவ்ளோ கிட்டும்?" கேட்கும்போதே உங்கள் கண்ணில் ஒரு கார் ஓடுகிறது. வெள்ளைக் கார். கூரை திறக்கும் வகை. கூரைக்கு வெளியே உங்கள் தலை.

நான் இந்தத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவன். ஐம்பதைத் தொடுமுன் ஓய்வு. பென்ஷன் கிடையாது, மூன்று டிரைபாடும் தீராத ஒரு கழுத்துப் பிடிப்பும் உண்டு. அடுப்படிச் சாமான்களை வாங்கலாமா வேண்டாமா என்று ரீல் போட்டுச் சொல்கிற பக்கம் என்னுடையது. கவிதை எழுத உட்கார்ந்தவன் குக்கர் விசிலில் வந்து நின்றேன். நின்ற இடமும் பிடித்துத்தான் இருந்தது. ஆவி எழும்புகிறபோது ஒரு மூடி நடுங்குமே, அதைப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

எனக்கு வந்த முதல் சம்பளம் ஏத்தங்காய் சிப்ஸ். அருமனையில் ஒரு கடைக்காரர் இரண்டு பாக்கெட்டைக் கையில் தந்து, "நல்லா சொல்லு மக்கா" என்றார். சொன்னேன். தின்றேன். வீட்டு நடையில் ஓர் ஆட்டமும் ஆடினேன். அப்புறம் வந்தவை குக்கர், கத்தி செட், தலைவலித் தைலம், இன்னொரு குக்கர், காலுக்கு மசாஜ் செய்யும் ஏதோ ஒன்று, மறுபடியும் தைலம். பொருளைத் தந்து போஸ்ட்டை வாங்கிக்கொள்வார்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு கடையே வளர்ந்தது. பணமாகத் தருகிறவர்களும் உண்டு. ஆனால் நடுவில் ஏஜென்சிக்காரன் ஒரு வாய், வரி ஒரு வாய், தாமதம் ஒரு வாய். என் கைக்கு அது வந்து சேரும்போது எந்தப் பொருளைப் புகழ்ந்தேன் என்பதே எனக்கு மறந்திருக்கும்.

யாராவது எவ்வளவு என்று கேட்டால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? புருவத்தை மட்டும் கொஞ்சம் தூக்குவோம். "ஏதோ, கர்த்தருக்க கிருபை" என்போம். அந்தப் புருவத்தைப் பார்த்துவிட்டு, கேட்டவர் தன் இஷ்டத்துக்கு இரண்டு பூஜ்யம் சேர்த்துக்கொள்வார். என் ஊரில் சேர்த்துச் சேர்த்து அது லட்சத்தைத் தொட்டிருந்தது.

இனி சொல்லப்போவது அந்த லட்சம் என்னை என்ன பாடு படுத்தியது என்பதை.

அந்த வருஷம் எனக்கும் என் மனைவி பியூலாவுக்கும் ஒரு பேச்சு இருந்தது. அவள் பள்ளிக்கூட டீச்சர். அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. கிறிஸ்மஸுக்குள் இந்தப் பக்கம் சோறு போடாவிட்டால், தக்கலையில் அவள் அண்ணன் வைத்திருக்கிற ஹார்டுவேர் கடையில், கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் நான் உட்கார வேண்டும். ஆணியும் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டு. நினைத்தாலே எனக்குள் ஒரு வண்ணத்துப்பூச்சி செத்து விழும்.

அப்போது வந்தது கோயம்புத்தூர்ப் பக்கத்து ஒரு கம்பெனி. தேங்காய் திருவுகிற மின்சார மிஷின். ஒரு ரீலுக்கு நாலாயிரம். ரீல் நன்றாகப் போனால் மாதம் ஒன்று என்று வருஷம் முழுக்க ஒப்பந்தம். எனக்கு வாழ்நாளில் முதல் வருஷ ஒப்பந்தம்! நிபந்தனை இரண்டுதான். சீல் உடையாத பெட்டியைக் கேமரா முன்னால் பிரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போஸ்ட் போட்டாக வேண்டும். அன்றுதான் மிஷின் சந்தைக்கு வருகிறதாம். கட்டிலுக்கு அடியில் இடமில்லாததால் அந்தப் பெட்டியைக் கட்டிலின் மேலே, தலையணைக்குப் பக்கத்தில், ஒரு குழந்தையைப் போல வைத்திருந்தேன்.

அந்த ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததையும் வளர்த்ததையும் சமைத்ததையும் கொண்டுபோய் ஆலயத்தில் படைப்போம். ஆராதனை முடிந்ததும் முற்றத்துப் பந்தலில் அவற்றை ஏலம் விடுவார்கள், பணம் சபைக்கு. எங்கள் வீட்டில் வயலும் இல்லை, கோழியும் இல்லை. கட்டிலுக்கு அடியில் விளைவதில் ஒன்றை வருஷாவருஷம் பியூலா எடுத்துப்போவாள்.

ஆலயத்துக்குள் நுழைந்தேன். செவ்வாழைக் குலை, மட்டி வாழைக் குலை, மண் காயாத மரச்சீனிக் கிழங்கு, தொட்டில்பிள்ளை அளவுக்கு ஒரு பூசணி, காலைக் கட்டிப்போட்ட ஒரு சேவல். பூசணிக்கும் சேவலுக்கும் நடுவில், சீல் உடையாமல், பளபளவென்று என் பெட்டி.

ஆராதனை முடியும்வரை நான் என்ன பாடினேன், எதற்கு எழுந்தேன், எதற்கு உட்கார்ந்தேன், ஒன்றும் தெரியாது. வெளியே வந்ததும் பியூலாவைப் பிடித்தேன்.

"அந்தப் பெட்டி..."

"பாத்தியளா? வருஷாவருஷம் தைலம் குடுத்து எனக்கு நாணமாட்டு இருந்தது. இந்தத் தடவையாவது நல்லதா ஒண்ணு குடுக்கணும்ணு தோணிச்சு."

"பியூலா, அது இண்ணைக்கு ஆறு மணிக்குப் போடணும்ணு சொன்ன ரீலு. அந்த வருஷக் கான்ட்ராக்ட்டு."

அவள் கையிலிருந்த பாட்டுப்புத்தகம் மூடிக்கொண்டது. "கர்த்தாவே" என்றாள். பிறகு மெதுவாக, "ஜெபிச்சாச்சே" என்றாள்.

படைத்து, ஜெபித்து முடித்ததைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்க எங்களில் யாருக்கும் வாய் வராது. ஒரே வழி, ஏலத்தில் எடுப்பது. இது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். ஆயிரம் ரூபாய்க்கு முடியும். மத்தியானத்துக்குள் வீடு. பியூலாவும் அப்படித்தான் நினைத்தாள். ஒரு விஷயத்தை நாங்கள் இருவரும் மறந்துபோனோம்.

எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. வசதி இல்லாதவர்கள் எடுத்தால் சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். வசதி உள்ளவர் எடுத்தால் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளை அங்கேயே திருப்பித் தருவார். அது மறு ஏலத்துக்குப் போகும். அடுத்தவரும் திருப்பித் தருவார். ஒரே முட்டை பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்து ஆலயத்துக்கு வெள்ளையடித்துக் கொடுத்த வருஷமெல்லாம் உண்டு.

நான்தான் லட்சக்காரனாயிற்றே!

ஏலம் விடுகிறவர் சபைச் செயலர் ஸ்டீபன் சார். மைக்கைப் பிடித்தால் அவர் வேறு ஆள். "தேங்காய் திருவுத மிஷினு! கை வேண்டாம், கண்ணு வேண்டாம், மாமியாருக்க உபதேசமும் வேண்டாம்! உள்ள என்ன இருக்குண்ணு பாப்பமா?" என்று பேனாக்கத்தியை எடுத்தார்.

"பிரிக்காதிய சார்!" என்று கத்திவிட்டேன். பந்தலே திரும்பியது. பிள்ளைகளே, உங்களுக்கு வேண்டியது எது என்பதை ஏலத்தில் முதல் ஆளாகக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

"ஐந்நூறு" என்றாள் எஸ்தர் அக்கா. கல்யாண வீடுகளுக்கு அவியலும் எரிசேரியும் செய்து கொடுக்கிறவள். மூட்டை மூட்டையாகத் தேங்காய் திருவி மணிக்கட்டில் எப்போதும் ஒரு துணிக்கட்டு. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"அறுநூறு" என்றேன்.

"ஆயிரம்!" பின்னாலிருந்து தாசன் அண்ணன். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவர். அவருக்கு எல்லாமே விளையாட்டு. "ரீல்ஸ்காரன் எம்புட்டு ஏறுகான்னு பாப்போம்டே!"

ஏறினேன். இரண்டாயிரத்து ஐந்நூறில் மூன்று தரம் சொல்லி முடித்தார்கள். ஓடிப்போய்க் கையை நீட்டினேன். ஸ்டீபன் சார் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். "ஒரு ரீலுக்கு லட்சம் வாங்குத நம்ம தம்பி இதையா தூக்கிட்டுப் போவான்? மறு ஏலத்துக்குத் தாறான்! கை தட்டுங்கோ!"

தட்டினார்கள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நானும் தட்டினேன்.

இரண்டாம் சுற்று. இந்தத் தடவை பேசிவிடலாம் என்று இரண்டாயிரத்தில் எடுத்தேன். வாயைத் திறக்குமுன் கைதட்டல். பெட்டி மறுபடியும் தலைக்கு மேலே. நாலாயிரம் வாங்கப்போகிற வேலைக்கு நாலாயிரத்து ஐந்நூறைத் தொலைத்தாகிவிட்டது, மிஷின் இன்னும் ஆகாயத்தில்! சட்டைப்பையில் போன் துடிக்கிறது. கம்பெனியின் மார்க்கெட்டிங் பெண். பாட்டுக்குழுப் பெண்களுக்கு நடுவிலிருந்து பியூலா என்னைப் பார்க்கிறாள். அவள் முகத்தில் தக்கலை தெரிந்தது. ஹார்டுவேர் கடையின் ஷட்டர் தெரிந்தது.

மூன்றாம் சுற்று. எஸ்தர் அக்கா, "ஆயிரம்" என்றாள்.

"ஏலே லட்சம், கேளுடே!" என்றார் தாசன் அண்ணன்.

அந்த ஒரு நிமிஷத்தைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை இழுத்துவந்தேன். கேட்டுக்கொண்டே போகலாம், நான் லட்சக்காரனாக இருக்கிறவரை இந்தச் சக்கரம் நிற்காது. பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடலாம். சபைக்குத் தர மனசில்லாத பணக்காரன் என்று அடுத்த அறுப்பு வரைக்கும் பேசுவார்கள். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அதை நினைத்ததும் நடுப்பந்தலில் சட்டையைக் கழற்றச் சொன்னதுபோல உடம்பு கூசியது. உண்மையான தொகையைச் சொல்வது. எங்கள் தொழிலில் அதுவரை யாரும் செய்யாத காரியம்.

மைக்கை வாங்கினேன். "எனக்கு லட்சமெல்லாம் கிட்டாது. இந்த மிஷினுக்கு ரீல் போட்டா நாலாயிரம். இன்னும் கையில வரல்ல. அதுக்கு இந்தப் பெட்டி வேணும்."

பந்தல் சிரித்தது. நல்ல ஜோக் என்று நினைத்துவிட்டார்கள். "ரூபாயா மக்கா, டாலரா?" என்றார் தாசன் அண்ணன். "கோயில் வளப்புல நிண்ணு பொய் சொல்லாதடே" என்று வேறொரு குரல்.

போன் மறுபடி துடித்தது. எடுத்தேன். யோசிக்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"சார், ரெடியாயிருச்சுங்களா? ஆறு மணிங்க சார்." ஒலிபெருக்கியில் அவள் குரல் தென்னந்தோப்புக்கு மேலே போனது.

"மேடம், ரீலுக்கு எவ்வளவுண்ணு இன்னொரு தரம் சொல்லுங்க."

"மறுக்காவும் கேக்கறீங்களே சார்! நாலாயிரந்தானுங்க. ஐந்நூறு சேத்திக் கேட்டீங்க, அப்பவே முடியாதுன்னு சொன்னமுங்க."

"பணம் எப்ப வரும்?"

"பில்லு அனுப்புங்க. ஒரு மூணு மாசம் ஆகுமுங்க."

பிள்ளைகளே, நான் சிரிப்பு எத்தனையோ படம் பிடித்திருக்கிறேன். அன்றைக்குப் பந்தலில் வெடித்ததை எந்தக் கேமராவும் தாங்காது. நாற்காலியிலிருந்து ஆட்கள் வழிந்தார்கள். எங்கள் சபைப் போதகர் ஐயர் அங்கியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேவல் பயந்து கூவியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லட்சம் என் தோளிலிருந்து இறங்கிப்போன சுகத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

எஸ்தர் அக்கா மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள். "பின்ன என்ன இழவுக்குடே இத்தன நாளும் கூலிங் கிளாஸ் போட்டுட்டு லட்சாதிபதி மாதிரி நடந்த?"

"அதும் ஒரு கம்பெனி தந்ததுதான் அக்கா."

மூன்றாம் தரம் சொன்னார்கள். ஆயிரத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை. என்னிடம் கேட்கப் பணமும் இல்லை. மிஷின் எஸ்தர் அக்காவுக்கு. "நான் திருப்பித் தரமாட்டேன். எனக்குக் கை கடுக்கு. வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றாள், வெயிலடிக்கிறது என்று சொல்வதுபோல. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நான் பந்தல் முழுக்க உருண்டு புரண்டு சொன்னதை அவள் நின்ற இடத்தில் சொல்லி முடித்தாள்.

"அக்கா, ஒரு மணிக்கூர் தாங்க. படம் பிடிச்சிட்டுத் தந்திருகேன்."

"தரமாட்டேன். நான் பிரிக்கேன், நான் திருவுகேன். நீ வேணும்னா படம் பிடி."

அப்படித்தான் அந்த ரீல் பிறந்தது. மைக் செட்டுக்காரரிடமிருந்து ஒரு வயர் இழுத்தோம். தேங்காய்? எல்லாம் படைத்த தேங்காய். தாசன் அண்ணன் ஒற்றைத் தேங்காயை எழுநூறு ரூபாய்க்கு ஏலம் எடுத்து, "இந்தா, உடை" என்றார். சபையே சுற்றி நிற்க, எஸ்தர் அக்கா பல்லால் கடித்துப் பெட்டியின் சீலைப் பிரித்தாள். மிஷினைப் போட்டதும் ஒரு உறுமல். முதல் பிடி தேங்காய்ப்பூ பறந்துபோய் ஐயரின் வெள்ளை அங்கியில் விழுந்தது.

"ஐயரே, உமக்கு மட்டும் பனி பெய்யுது!" என்றாள். பிறகு கேமராவைப் பார்க்காமல், மிஷினைப் பார்த்துப் பேசினாள். "சத்தம் சண்டைக்காரிக்க சத்தம். அத நான் ஒளிக்கப்பிடாது. ஆனா பூவாட்டு விழுது. எனக்க கை கடுக்கல்ல பாத்தியா."

சத்தத்தைப் பற்றிச் சொன்னதை வெட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வெட்டவில்லை. ஆறு மணிக்கு ஆலயப் படிக்கட்டில் உட்கார்ந்து போஸ்ட்டை அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் அந்தப் பெண் கூப்பிட்டாள். "சார், ரீல் பிச்சுக்கிட்டுப் போகுதுங்க! வருஷ ஒப்பந்தம் ஓகேங்க." நான் குதித்தேன். "ஆனா சார்... அந்த அக்காவ வெச்சுத்தான் வேணுங்களாம்." குதித்தவன் பாதி உயரத்தில் நின்றேன்.

எஸ்தர் அக்கா வீட்டு அடுப்படிக்குப் போனேன். மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"எவ்ளோ தருவாளாம்?"

"நாலாயிரம்."

"அது உனக்குள்ள ரேட்டு. தேங்காய் திருவத் தெரியாதவனுக்குள்ளது. எனக்கு எட்டாயிரம்ணு சொல்லு. படம் பிடிக்கதுக்கு உனக்கு வேற தரணும். மூணு மாசம் கழிச்சுத்தான் பணம்ணா, மூணு மாசம் கழிச்சுத்தான் திருவுவேன்."

"அக்கா, இப்பிடிக் கேட்டா ஓடிருவாவ."

"அவளுக்க ரேட்டு ஊருக்கே கேட்டாச்சு. நம்ம ரேட்டு அவளும் கேக்கட்டும். போனப் போடு."

போட்டேன். சொன்னேன். அந்தப் பக்கம், "ஒரு நிமிஷமுங்க சார்" என்று யாரையோ கேட்கப் போனாள். அடுப்பில் எரிசேரி கொதித்தது. எஸ்தர் அக்கா உப்புப் பார்த்தாள். திரும்பி வந்த குரல் சொன்னது: அக்காவுக்கு ஏழாயிரம், எனக்குத் தனியாக மூவாயிரம், பாதி முன்பணம்.

"செரி" என்றாள் எஸ்தர் அக்கா, உப்புக்கும் சேர்த்து.

வீட்டில் பியூலாவிடம் சொன்னபோது, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினாள். சட்டென்று நின்றாள். "அண்ணன் உங்களுக்காக ஸ்டூல் வாங்கிப் போட்டாச்சே!"

"ஏலத்துல விடச் சொல்லு."

அன்றிலிருந்து நான் கேமராவுக்குப் பின்னால். வருஷங்கள் ஓடின. இப்போது அக்கா தன் போனைத் தானே சாய்த்துவைத்துப் பிடித்துக்கொள்கிறாள், என்னைவிட நன்றாக. எனக்கு ஓய்வு கொடுத்ததே அவள்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிலருக்குச் சிப்ஸ் கிட்டும். சிலருக்கு ஆயிரம், சிலருக்கு நாலாயிரம். லட்சம் வாங்குகிறவர்களும் எங்கோ இருப்பார்கள், நான் கண்டதில்லை. எவ்வளவு என்பதைக் கம்பெனிக்காரன் மட்டும் அறிந்திருக்கிறவரை அது குறைவாகத்தான் இருக்கும். இது எனக்கு அந்தப் பந்தலில் பாதிதான் புரிந்தது. மீதி புரிந்தது அதற்கு அடுத்த மாதம்.

பந்தல் கதை அதற்குள் மாவட்டம் முழுக்கப் போயிருந்தது. நானும் அக்காவும் இரண்டாவது ரீலுக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு போன். கீரிப்பாறை எஸ்டேட் பக்கத்துப் பிள்ளை, சேலைக் கடைகளுக்கு ரீல் போடுகிறவள். "அண்ணே, நீங்க ரேட்டச் சொன்னியளாமே. நானும் எனக்குள்ளத ஒருத்தருக்கிட்டயாவது சொல்லணும்" என்றாள். சொன்னாள். காதில் ஒன்றும் விழவில்லை. பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாளாம், வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறாள்.

எஸ்தர் அக்கா போனைப் பிடுங்கினாள். "ஏட்டி, காதுல சொல்லுத மாதிரி சொன்னா காதுக்குள்ள வைக்கத அளவுக்குத்தான் தருவான். சத்தமா சொல்லுட்டி!"

ஒரு மூச்சு. பிறகு போன் அதிர ஒரு கத்தல்: "ஆயிரத்தி இருநூறு!"

போனில் எஸ்டேட் பஸ்ஸின் எஞ்சின் உறுமியது. ஒரு கண்டக்டர் குரல்: "எதுக்கு ஆயிரத்தி இருநூறு?" அவள் சொன்னாள். "அந்த மலையேறிப்போய் ஆடினதுக்கா? அவ்ளோதானா?" என்றார் அவர். ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போய்த் திரும்புகிற பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். சேலை கட்ட ஒரு மணிக்கூர், அதுக்குக் காசில்லியா? பூவுக்கு? வளையலுக்கு? ஒருத்தி இரண்டாயிரம் என்றாள். இன்னொருத்தி, "ஏட்டி, மூவாயிரத்துக்குக் கொறஞ்சு போகாத!" என்றாள். பஸ் வளைவில் திரும்பியபோது எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே கத்தினார்கள்.

அவள் இறங்குவதற்குள் அந்த பஸ் அவளுக்கு மூவாயிரம் என்று ஒரு விலை வைத்து முடித்திருந்தது. மறுநாள் கடைக்காரரிடம் அதையேதான் கேட்டாளாம். கொடுத்துவிட்டார்.